பாட்டுக் கட்டப் படிக்காதவர் அய்யாவுக்குப் பாட்டுக் கட்டலாமா?

அய்யா துணை



நம் நிழல்தாங்கல்களில் அய்யாவைப் போற்றிப் புதிதாக ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. பனைத்தொழில் செய்த குடும்பத்துப் பெரியவருக்கும் உண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் "எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது, வாத்தியாரிடம் படித்ததில்லை" என்று சொல்லி அந்த ஆசையை அப்படியே மூடி வைத்துவிடுகிறார்கள். வேறு சிலருக்கு இந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. இரவு எழுதி, காலையில் கைப்பேசியில் அனுப்பி, மாலைக்குள் மைக்கில் பாடியும் விடுகிறார்கள். முதல் கூட்டத்தாரின் தயக்கத்தால் தாங்கலில் பாடும் குரல் குறைகிறது. இரண்டாம் கூட்டத்தாரின் அவசரத்தால் எது அருள்நூல், எது மனிதர் கட்டிய பாட்டு என்ற வேற்றுமையே மறைந்து போகிறது. இரண்டுமே நட்டந்தான். தயங்குகிறவருக்குத் துணிவும், அவசரப்படுகிறவருக்கு நிதானமும் வேண்டும் என்பதற்காக இந்தப் பாடம் எழுதப்படுகிறது.

1. முதலில் வரம்பு தெரிய வேண்டும்

அகிலத்திரட்டு அம்மானையும் அருள்நூலும் நமக்கு வேதம். உகப்படிப்பு, உச்சிப்படிப்பு, வாழப்படிப்பு ஆகியவை பணிவிடைக்கு உரியவை. அவற்றில் ஒரு சொல்லைக் கூட்டவோ, குறைக்கவோ, "இப்படி இருந்தால் இன்னும் அழகாக இருக்குமே" என்று மாற்றவோ எவருக்கும் உரிமை கிடையாது. பணிவிடை நேரத்தில் பணிவிடைப் படிப்பு மட்டுமே.

அப்படியென்றால் நாம் கட்டும் பாட்டுக்கு இடம் எங்கே? பணிவிடை முடிந்து மக்கள் அமர்ந்திருக்கும் வேளையில் பாடலாம். திருநாளில் வாகனப் பவனி வரும்போது பாடலாம். அன்னதர்மத்துக்குக் காய் நறுக்கும் இடத்திலும், பந்தி பரிமாறும் இடத்திலும் பாடலாம். பிள்ளைகளுக்கு அய்யாவின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பாடலாம். வீட்டில் விளக்கேற்றிய பிறகு பாடலாம், தொட்டிலை ஆட்டும்போதும் பாடலாம். இவ்வளவு இடம் நமக்குத் திறந்து கிடக்கும்போது, பணிவிடைக்குள் நம் வரியைச் செருக வேண்டிய தேவை என்ன?

இந்த வரம்பு தெரிந்தவருக்குப் பயம் குறையும். "தவறாக எழுதிவிட்டால் அபச்சாரம் ஆகிவிடுமோ" என்று அஞ்சத் தேவையில்லை. அவர் எழுதுவது வேதமல்ல, நன்றி. நன்றி சொல்ல எவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டாம்.

2. ஏடு எழுதியவர் காட்டிய வழி

அகிலத்திரட்டை ஏட்டில் எழுதியவர் தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். அய்யாவின் ஐந்து சீடர்களில் சகாதேவன் சீடர் என்று போற்றப்படுபவர் இவரே. கொல்லம் ஆண்டு 1016, கார்த்திகை 27ஆம் நாள் எழுதத் தொடங்கியதாக ஏடே சொல்கிறது. உறங்கிக் கிடந்தவரை அய்யா எழுப்பி எழுதச் சொன்னதையும், தாம் ஏதும் அறியாதவர் என்று சீடர் பணிந்து நின்றதையும் ஏடு வாசிப்பில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட அந்த நூல் 1939ஆம் ஆண்டு அச்சில் வரும்வரை ஓலையிலும், வாசிப்பவர் நாவிலும், கேட்பவர் காதிலுமே காக்கப்பட்டு வந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. அறியாமை ஒரு தடையல்ல என்பது முதலாவது. தம்மை ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லிக்கொண்டவர் வழியாகத்தான் நமக்கு வேதமே கிடைத்தது. இரண்டாவது பாடத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சீடருக்குக் கிடைத்தது அருள் வாக்கு. நமக்குக் கிடைத்திருப்பது அந்த வாக்கைக் கேட்டதால் மனத்தில் எழுந்த ஓர் அசைவு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு நல்ல வரி தோன்றிவிட்ட மகிழ்ச்சியில் "இது அய்யா என்னிடம் சொன்னது" என்று பேசத் தொடங்கினால், பாட்டின் பாரம் முழுவதும் அய்யாவின் மேல் ஏறிவிடும். நாளைக்கு அதில் ஒரு பிழை தெரிந்தால் திருத்தவும் முடியாது. "அய்யாவை நினைத்து நான் எழுதியது" என்று சொல்லிவிட்டால், பிழை நம்முடையது, திருத்துவதும் நம் கையில்.

3. காதே முதல் பள்ளிக்கூடம்

வாத்தியாரிடம் படிக்காதவர் எங்கே படிப்பது? தாங்கலிலேயே படிக்கலாம். கார்த்திகை மாதத்தில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறதே, அதைவிட நல்ல பாட்டுப் பள்ளி வேறில்லை. வெறுமனே கதை கேட்காமல், வாசிப்பு எப்படிப் போகிறது என்றும் ஒருநாள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விருத்தம் வரும் இடத்தில் வாசிப்பவர் குரலை நீட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் கொடுத்துப் பாடுவார். நடை வரும் இடத்தில் ஓட்டம் பிடிக்கும், சீராக அடி மேல் அடி வைத்து நடக்கும். நிறுத்திச் சொல்ல வேண்டியது எது, ஓட்டிச் சொல்ல வேண்டியது எது என்ற அறிவு இந்த ஒரு வேற்றுமையைக் கவனித்தாலே வந்துவிடும். அய்யாவின் பெருமையை நினைந்து உருகும் இடம் விருத்தத்துக்கு உரியது. நடந்த கதையைச் சொல்லும் இடம் நடைக்கு உரியது.

உகப்படிப்பும் ஒரு பாடந்தான். ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்கிறார்கள். எழுத்துத் தெரியாத மூதாட்டியும், நேற்று வந்த சிறுவனும் அதில் கலந்துகொள்ள முடிகிறது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கும் அளவு, முன்னவர் சொன்னதைப் பின்னவர் மனத்தில் வைத்திருக்கும் அளவு. கூட்டமாகப் பாட வேண்டிய பாட்டின் வரி இவ்வளவு நீளம்தான் இருக்க வேண்டும். ஒரு மூச்சுக்கு அடங்காத வரியைக் கூட்டம் பாடாது. பாதியில் விட்டுவிட்டு, முன்னே பாடுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதோடு வீட்டுப் பாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு எல்லாம் நம் வீட்டுப் பெண்கள் எந்த வாத்தியாரிடமும் படிக்காமல் கட்டியவை. பாட்டி பாடும் தாலாட்டை ஒருமுறை கைப்பேசியில் பதிந்து வைத்துக் கேட்டால், எந்த இடத்தில் இழுக்கிறார், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்பது தெரியும். அதுவே பயிற்சி.

4. எதைப் பாடுவது?

புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் அவதாரம் முதல் வைகுண்டம் சேர்ந்தது வரை எல்லாவற்றையும் ஒரே பாட்டில் அடக்கப் பார்ப்பார். அகிலம் பதினேழு நாள் எடுத்துச் சொன்னதை எட்டு வரியில் அடக்க முயன்றால் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். ஒரு பாட்டுக்கு ஒரு பொருள் போதும். திருச்செந்தூர்க் கடலில் மாசி 20 அன்று நடந்தது ஒரு பாட்டு. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்தது இன்னொரு பாட்டு. துவையல் தவசுக்குப் போன குடும்பங்கள் உப்புக்காற்றில் பசி தாங்கியது ஒரு பாட்டு. பள்ளியறைக் கண்ணாடியின் முன் நிற்கும்போது தோன்றும் எண்ணம் ஒரு பாட்டு. தலைப்பாகை கட்டும்போது பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒரு பாட்டு.

பொருளைத் தேர்ந்தபின், அது அய்யா காட்டிய வழியோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அய்யா காணிக்கை வேண்டாம் என்றார், பலி வேண்டாம் என்றார், காவடி வேண்டாம் என்றார். மற்ற பக்திப் பாட்டுகளைக் கேட்டுப் பழகிய நமக்கு, "உனக்கு இதைத் தருகிறேன், எனக்கு அதைத் தா" என்ற பேச்சு அறியாமலே வரிக்குள் வந்துவிடும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மெட்டு தென்னாட்டு மக்களின் நாவில் நன்றாகப் பழகியது. அந்தத் துள்ளல் பிடித்திருந்தால் நடையை எடுத்துக்கொள்ளலாம். நடையோடு காவடியும் உள்ளே வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுபோலவே, நம் முன்னோர் பட்ட துன்பத்தைப் பாடலாம், பாடவும் வேண்டும். ஆனால் இன்று அக்கம்பக்கத்தில் வாழும் எந்தச் சாதியாரையும், எந்த மதத்தாரையும் இழித்துப் பேசும் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பொறுமையைப் போதித்தவரின் முன் பகையைப் பாடுவது தகாது.

5. கை தட்டினால் தாளம்

தாளம் என்றதும் பெரிய கணக்கு என்று மிரள வேண்டாம். முதலில் இரண்டு நடை தெரிந்தால் போதும். மூன்று மூன்றாகத் தட்டுவது ஒன்று, நான்கு நான்காகத் தட்டுவது மற்றொன்று. இசை படித்தவர்கள் இவற்றைத் திசிரம், சதுசிரம் என்பார்கள். ஊஞ்சல் ஆடுவதுபோல் அசைவது மூன்று. ஊர்வலத்தில் நடப்பதுபோல் போவது நான்கு. ஐந்தும் ஏழும் பிறகு வரட்டும்.

எழுத்துக் கணக்கு எளிது. அ, க, தி போன்ற குறிலுக்கு ஒரு மாத்திரை. ஆ, கா, தீ போன்ற நெடிலுக்கு இரண்டு. குறிலுக்குப் பின் மெய் வந்தால், அந்த இரண்டும் சேர்ந்து பாட்டில் இரண்டு மாத்திரை அளவு நிற்கும். "மண்" என்றால் இரண்டு, "மா" என்றாலும் இரண்டு, "மணி" என்றாலும் இரண்டு. இந்த மூன்றும் ஒரு தட்டுக்குள் சமமாக அடங்கும் என்பதை வாயால் சொல்லிக் கையால் தட்டிப் பார்த்தால் விளங்கும். இது விளங்கிவிட்டால் பாட்டுக் கட்டுவதில் பாதி வேலை முடிந்தது.

பள்ளியில் படித்த தேமா, புளிமா நினைவிருக்கிறவர்களுக்கு இது இன்னும் எளிது. தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய் என்ற நான்கையும் கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். நான்கும் மூன்று தட்டுக்குள் சரியாக வந்து நிற்கும். தேர்வுக்காக அன்று மனப்பாடம் செய்தது இன்று அய்யாவுக்குப் பயன்படட்டும்.

6. ஒரு பாட்டு உருவாகும் விதம்

அய்யா சாமிதோப்பில் ஆறாண்டு தவமிருந்த வரலாற்றை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த மேடையில். பாட்டின் அமைப்பை வரலாறே கொடுத்துவிடுகிறது. மூன்று நிலை, ஆகவே மூன்று சரணம். எல்லாருக்கும் பொதுவாகத் திரும்பத் திரும்பப் பாட ஒரு பல்லவி.

ஓர் அன்பர் முதலில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

ஆறாண்டு தவமிருந்த அய்யாவே
ஆளாக்கி வைத்தீரே மெய்யாவே

பக்தி இருக்கிறது. ஆனால் "மெய்யாவே" என்ற சொல் பொருளுக்காக வரவில்லை, "அய்யாவே" என்பதோடு ஒலி ஒத்துப்போவதற்காக இழுத்து வரப்பட்டது. இயைபுக்காகச் சொல்லை வளைத்தால் கேட்பவர் காது அதைக் கண்டுபிடித்துவிடும். அடுத்து, கை தட்டிப் பார்த்தால் "தவமிருந்த" என்ற சீர் மூன்று தட்டில் சரியாக நிற்காமல் வழுக்குகிறது. அன்பர் திருத்துகிறார்:

ஆறாண்டாய்த் தவநோற்றார் எங்கய்யா

இப்போது தட்டு சரியாக விழுகிறது. ஆ-றாண்-டாய், தவ-நோற்-றார், எங்-கய்-யா. ஆனால் பாடிக் கேட்டால் புது இடைஞ்சல். "எங்கள் அய்யா" என்ற பொருளில் எழுதியது, "எங்கே அய்யா?" என்று தேடுவதுபோல் காதில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறார்:

ஆறாண்டாய்த் தவநோற்றார் நம்மய்யா
ஆளாக்கி நமைவைத்தார் மெய்யாக

பல்லவி நின்றுவிட்டது. இரண்டு அடியும் "ஆ" என்று தொடங்குவது மோனை. இனிச் சரணங்கள்:

மண்ணுக்குள் குழிதனிலே ஈராண்டு
கண்ணுக்குள் மணிபோலக் காத்தாரே

தரைமீதே எளியோராய் ஈராண்டு
உரையாலே துயரெல்லாம் தீர்த்தாரே

மேடையிலே உயரத்தில் ஈராண்டு
வாடையிலும் கோடையிலும் நோற்றாரே

ஒவ்வொரு சரணத்திலும் இரண்டு அடியின் இரண்டாம் எழுத்தும் ஒத்து வருகிறது. மண்ணுக்குள், கண்ணுக்குள். தரைமீதே, உரையாலே. மேடையிலே, வாடையிலும். இதுவே எதுகை. இது அலங்காரம் மட்டுமல்ல, நினைவுக்கு ஒரு கைப்பிடி. முதல் அடியைச் சொன்னதும் அடுத்த அடி தானாக நாவில் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். ஓலை வாங்க வழியில்லாத காலத்தில் மக்கள் ஆயிரக்கணக்கான அடிகளை நினைவில் வைத்திருந்தது இந்தக் கைப்பிடியால்தான்.

முதல் அடிகள் மூன்றும் "ஈராண்டு" என்று முடிவதையும் பார்க்கலாம். இரண்டாம் முறை வரும்போது பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். மூன்றாம் முறை கூட்டமே சொல்லும். மூன்று ஈராண்டு சேர்ந்தால் ஆறாண்டு என்ற கணக்கும், குழி, தரை, மேடை என்ற வரிசையும் பாடியவர் மனத்தில் பதிந்துவிடும். இந்தப் பாட்டு பெரிய இலக்கியம் அல்ல. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை பாட முடியும், பாடினால் அய்யாவின் தவ வரலாறு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தாங்கலுக்கு வேண்டிய பாட்டு இதுவே.

7. நாவு வழுக்கும் இடங்கள்

மெட்டில் சொல்லை ஏற்றும்போது ஒரு பெரிய எச்சரிக்கை வேண்டும். தமிழில் குறில் நீண்டால் பொருள் மாறிவிடும். "பதி" என்ற சொல்லில் முதல் எழுத்தை மெட்டுக்காக இழுத்தால் அது "பாதி" ஆகிவிடும். "அன்புக்கொடி" என்று எழுதி, "கொ" மேல் குரலை நிறுத்தி இழுத்தால் "கோடி" என்று கேட்கும். "குடி" என்பது "கூடி" ஆகும். எழுத்தில் எந்தப் பிழையும் இருக்காது, பாடும்போது மட்டும் பிழை பிறக்கும். ஆகவே மெட்டு எந்த இடத்தில் நீள்கிறதோ, அந்த இடத்தில் நெடில் எழுத்தோ, மெய் தொடரும் எழுத்தோ வரும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

சொல்லைப் பிரிப்பதும் அப்படியே. அய்யாவின் திருநாமமாகிய "வைகுண்டர்" என்பதை "வை" என்று நிறுத்தி மூச்சு வாங்கி, அடுத்த தட்டில் "குண்டர்" என்று தொடங்கினால் எவ்வளவு தவறாகக் கேட்கும் என்று பாடிப் பார்த்தால் தெரியும். வேண்டுமென்று யாரும் அப்படிப் பாடுவதில்லை. மெட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, சொல்லை அதற்குள் திணிக்கும்போது இப்படி நேர்கிறது. திருநாமம் ஒரே மூச்சில், ஒரே கொத்தாக வர வேண்டும். அதற்காக மெட்டை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மெட்டுக்காக அய்யா பெயரை உடைக்கக் கூடாது.

8. மெட்டு எங்கிருந்து வரும்?

எழுதிய வரியைப் பலமுறை சாதாரணமாகப் பேசிப் பார்க்க வேண்டும். பேசும்போதே குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சற்று நீட்டினால் மெட்டின் விதை கிடைத்துவிடும். கேள்வி கேட்கும் வரி மேலே போய் நிற்கும். முடிவு சொல்லும் வரி கீழே வந்து அமரும். இதற்கு எதிராகப் போகும் மெட்டு, எவ்வளவு இனிமையானாலும் அந்த வரிக்கு ஒட்டாது.

ராகம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மோகனத்தில் தொடங்கலாம். ச, ரி, க, ப, த என்ற ஐந்து சுரந்தான். தவறிப்போகும் இடம் குறைவு. நம் நாட்டுப்புறப் பாட்டுகளில் பழகிய ஒலியும் கூட. தாலாட்டுப் போல் உருக்கம் வேண்டுமென்றால் நீலாம்பரியிலும் ஆனந்தபைரவியிலும் அமைந்த பாட்டுகளைத் தேடிக் கேட்கலாம். கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டுமே தவிர, பெயர் தெரிந்துவிட்டதால் ராகம் வந்துவிடாது.

குரல் எல்லை முக்கியம். தனியாகப் பாடும்போது ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவார்கள். தாங்கலில் எல்லாரும் சேர்ந்து பாடுகிறோம். எந்தக் கட்டையை எடுத்தாலும் ஒரு தரப்புக்குச் சிரமம். இதற்கு ஒரே வழி, பாட்டின் எல்லையைச் சுருக்கி வைப்பதுதான். பல்லவி ஐந்து சுரத்துக்குள் அடங்கட்டும். சரணத்தில் ஓரிடம் மட்டும் மேலே போகட்டும். முன்னே பாடுகிறவரின் குரல் வளம் காட்டுவதற்காக உச்சத்தில் வைத்த வரியைக் கூட்டம் மௌனமாகத்தான் கேட்கும்.

சினிமா மெட்டில் எழுதலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. மெட்டுக்குத் தீட்டு எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் மனம் எங்கே போகும்? நாவு அய்யா என்று சொல்லும், மனம் அந்தப் படத்தின் காட்சியை நினைக்கும். அதோடு, பத்து ஆண்டு கழித்து அந்தப் படப்பாட்டு மறந்துபோகும்போது நம் பாட்டும் கூடவே போய்விடும். தாளம் பழகுவதற்காக வீட்டில் ஒரு பழகிய மெட்டில் எழுதிப் பார்ப்பதில் தவறில்லை. தாங்கலுக்குக் கொண்டு வரும்போது அதை விட்டுவிட்டு, கும்மி, தாலாட்டு போன்ற பொது மெட்டுக்கோ, சொந்த மெட்டுக்கோ வந்துவிடுவது நல்லது.

மெட்டு தோன்றியவுடன் கைப்பேசியில் பதிந்துவிட வேண்டும். சுரம் எழுதத் தெரியாதவர்கள் வரியின் மேல் ஏறும் இடத்தில் மேல்நோக்கி ஒரு கோடும், இறங்கும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு கோடும் போட்டு வைத்தாலே போதும். மறுநாள் பார்க்கும்போது நினைவு வந்துவிடும்.

9. மூன்று பேர் முன்னால் சோதனை

பாட்டு முடிந்ததும் உடனே மைக்கைத் தேட வேண்டாம். பத்து நாள் அப்படியே மூடி வைக்க வேண்டும். பத்து நாள் கழித்துத் தாளைப் பார்க்காமல் பாட வருகிறதா? எழுதியவருக்கே மறந்துபோன வரி மற்றவர்க்கு எப்படி நிற்கும்? மறந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.

பிறகு மூன்று பேரிடம் பாடிக் காட்ட வேண்டும். முதலாவது, எழுத்துத் தெரியாத ஒரு மூதாட்டி. அவர் பின்னால் சொல்ல முடிந்தால் சொல் எளிமையாக இருக்கிறது. இரண்டாவது, ஒரு சிறுவனோ சிறுமியோ. மூன்றாம் முறைக்குள் பல்லவி அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டால் மெட்டு சரியாக இருக்கிறது. மூன்றாவது, ஏடு வாசிப்பில் பழகிய பெரியவர் ஒருவர். அவர் சொல்லும் குறை கசப்பாக இருக்கலாம். ஆனால் அகிலத்துக்கு மாறான செய்தி எதுவும் பாட்டில் ஏறிவிடாமல் காப்பவர் அவரே. "என் பாட்டை இவர் என்ன குறை சொல்வது" என்ற எண்ணம் எழுந்தால், அந்த இடத்தில் பாட்டு அய்யாவுக்காக எழுதப்பட்டதா, தனக்காக எழுதப்பட்டதா என்று எழுதியவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

10. பெயர் போடுவதா, வேண்டாமா?

இதுதான் இந்தப் பாடத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. "பெயர் போட்டால் அகங்காரம், போடாமல் விடுவதே பணிவு" என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இன்று ஒரு பாட்டு கைப்பேசி வழியாக ஓர் இரவில் நூறு ஊர் போய்விடும். எழுதியவர் பெயரோ, அது புதிய பாட்டு என்ற குறிப்போ இல்லாமல் போனால், கேட்பவர் அதை அருள்நூல் வரி என்றே நினைக்கலாம். இன்று பத்து வயதாக இருக்கும் பிள்ளை நாளைக்குத் தன் பிள்ளைக்கு அதை வேதம் என்று சொல்லிக்கொடுத்துவிடும். நல்லெண்ணத்தோடு செய்த காரியம் வேதத்தில் கலப்படமாக முடியும். பாலில் தண்ணீர் கலக்கிறவர் நல்ல தண்ணீரையே கலந்தாலும் அது கலப்படந்தான்.

ஆகவே ஒரு நடுவழி வைத்துக்கொள்ளலாம். பெயரைப் பெரிதாகப் போட வேண்டாம். பாட்டின் அடியில், "அன்பர் இயற்றிய போற்றிப் பாட்டு" என்றும், ஊரும் ஆண்டும் குறித்தும் எழுதி வைத்தால் போதும். பாடுவதற்கு முன், "இது நம் தாங்கலில் கட்டிய பாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாடினால் போதும். தற்பெருமையும் இல்லை, குழப்பமும் இல்லை.

எழுதிய பாட்டுகளில் பெரும்பாலானவை நிலைக்காது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. நட்ட பனங்கொட்டை எல்லாம் பனையாவதில்லை, அதற்காக நடாமலும் இருப்பதில்லை. பத்துப் பாட்டு எழுதி ஒன்பதை மறந்து, ஒன்று மட்டும் அன்னதர்மம் பரிமாறும் இடத்தில் யாரோ ஒருவர் வாயில் தானாக வந்தால், அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற ஒன்பதும் எழுதப்பட்டன.

ஒரு காலத்தில் தலைநிமிர்ந்து நடக்கவும், எழுத்தைத் தொடவும் நம் முன்னோருக்கு வழியில்லாமல் இருந்தது. அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார், தம் மக்களை ஒன்றாக இருந்து உண்ணச் செய்தார், ஒன்றாகச் சொல்லச் செய்தார். அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்று கையில் பேனாவும், பள்ளிப் படிப்பும், கைப்பேசியும் வைத்துக்கொண்டு, "எனக்குப் பாட வராது" என்று ஒதுங்கி நிற்க வேண்டுமா?

சிந்தித்துப் பார்க்க:

1. நம் தாங்கலில் பிள்ளைகள் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு எத்தனை இருக்கிறது?
2. நாம் பாடும் பாட்டுகளில் எது அருள்நூல், எது அன்பர் இயற்றியது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லியிருக்கிறோமா?
3. அய்யாவின் வரலாற்றில் எந்த ஒரு நிகழ்ச்சியை நம் வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டாகக் கொடுக்க விரும்புகிறோம்?

பயிற்சி: மேலே தந்த பல்லவியைக் கை தட்டிப் பத்துமுறை சொல்லிப் பழகுங்கள். பிறகு முத்திரிக் கிணற்றைப் பற்றி, அதே மூன்று தட்டு நடையில், இரண்டே இரண்டு அடி எழுதுங்கள். வருகிற ஞாயிறு பணிவிடை முடிந்தபின் ஒருவருக்கொருவர் பாடிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அய்யா உண்டு.